கல்முனையும் காரியப்பர் வழக்கும்: பாதுகாப்பு, சட்டம், கட்சி அரசியல் பற்றிய ஓர் ஊர் விவாதத்தின் வரலாறு

இலங்கைச் சட்ட மாணவர் எவரும் ‘காரியப்பர் எதிர் விஜேசிங்க’ எனும் வழக்கினைப் படியாது தம் கல்வியை முடிப்பதில்லை. சட்டவாக்கத் துறைக்கும் நீதித்துறைக்குமிடையே எல்லைக்கோடு எங்கு இடப்பட வேண்டும் என்பதற்கு அது எடுத்துக்காட்டாக அமைந்த வழக்கு. ஆயின், அவ்வழக்கின் மனுதாரர் எவ்வூர் மக்களின் பிரதிநிதி, அம்மக்கள் அவரை எந்நிலையில் தெரிந்தனுப்பினர், அவர் ஆசனம் பறிக்கப்பட்டபோது இழப்புற்றவர் அவர் ஒருவர் மட்டுந்தானா என்னும் வினாக்களைச் சட்ட நூல்கள் எழுப்புவதில்லை. தீர்ப்பிலே கல்முனை என்பது ஒரு தேர்தல் தொகுதியின் பெயர், அவ்வளவே.

அம்பாறைக் கரையோரத்தின் தமிழ்பேசும் முஸ்லிம் ஊர்களான மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகியவற்றில் நாட்டின் பாதுகாப்பு, சட்டம், கட்சி அரசியல் ஆகிய மூன்றும் தனித்தனி விடயங்களாகப் பேசப்படுவதில்லை. பள்ளிவாசல் முன்றலிலும் தேநீர்க்கடை வாங்கிலும் அண்மைக்காலமாக முகநூற் பக்கங்களிலும் அவை ஒரே பேச்சாகவே நடைபெறுகின்றன. வெளியிலிருந்து நோக்குவோர் இதனை அரசியல் முதிர்ச்சியின்மை எனக் கொள்வதுண்டு. சட்டத்தின் தன்மையை ஆராயாது, அது யாரைத் தாக்குகிறது, யார் கொண்டுவந்தார் என்றே இம்மக்கள் கேட்கின்றனர் என்பது அவர்தம் குற்றச்சாட்டு. இக்கட்டுரையாசிரியரின் கருத்து இதனின்றும் சற்று வேறுபட்டது. அவ்வாறு கேட்கும் பழக்கம் அனுபவத்தின் வழி வந்தது. அவ்வனுபவத்தின் தொடக்கப் புள்ளிகளுள் காரியப்பரின் ஆசனப் பறிப்பும் ஒன்று.

முதலில் அரசியற் பின்னணியை நோக்குவோம். கேட் முதலியார் எம்.எஸ். காரியப்பர் 1956 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தமிழரசுக் கட்சியின் சார்பில் கல்முனைத் தொகுதியில் வெற்றிபெற்றார். அதே தேர்தலில் பொத்துவில் தொகுதியில் அதே கட்சியின் சார்பில் வென்றவர் எம்.எம். முஸ்தபா. சமஷ்டிக்கும் மொழியுரிமைக்கும் தமிழ்பேசும் மக்கள் என்ற அடிப்படையில் கிழக்கின் முஸ்லிம் வாக்காளர் அளித்த ஆதரவு அது. இருவரும் நெடுநாள் எதிரணியில் இருக்கவில்லை. பண்டாரநாயக்க அரசாங்கத்தின் பக்கஞ் சென்றனர். முஸ்தபா பின்னர் தகநாயக்க அமைச்சரவையில் நிதியமைச்சராகவும் விளங்கினார். 1960 ஜூலைத் தேர்தலில் மீண்டும் தமிழரசுக் கட்சியே கல்முனையை வென்றது. அப்போது தெரிவான எம்.சி. அகமது 1970 இல் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியின் உறுப்பினராக அதே தொகுதியைப் பிரதிநிதித்துவஞ் செய்தார்.

இக்கட்சி மாறுதல்களைத் தனிமனிதரின் பதவியாசை என்று கூறி முடித்துவிடுவது எளிது. தமிழ் அரசியல் எழுத்துக்கள் பலவும் அவ்வாறே கூறி முடித்துள்ளன. ஆயின் அதன் பொருளாதார அடித்தளத்தையும் நோக்குதல் வேண்டும். இக்கரையோரத்தின் வாழ்வு நெல்வயலிலும் கடலிலும் மருதமுனை போன்ற இடங்களிற் கைத்தறியிலும் தங்கியது. நெல்வயலுக்கு நீர் வேண்டும். 1949 இல் தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டத்தின்பின் அந்நீரின் தலைமதகு இங்கினியாகலையில் அரசாங்கத்தின் கையிற் சென்றடைந்தது. நீர்த்தேக்கத்தை அண்டிய புதிய குடியேற்றங்களிற் பெரும்பான்மையோர் சிங்கள விவசாயிகள். கரையோரப் பழைய வயல்களின் சொந்தக்காரரான முஸ்லிம்களும் தமிழரும் வாய்க்காலின் கடைக்கோடியில் இருந்தனர். போடியாருக்கும் அவர்தம் வயலிற் பாடுபட்டவருக்கும் இடையே வர்க்க முரண்பாடு இருந்ததெனினும், நீர் வருமா வராதா என்பதில் இருவரும் ஒரே நிலையினரே. நீர்ப்பாசனத் திணைக்களத்தோடும் காணிக் கச்சேரியோடும் பேச வல்ல உறுப்பினர் ஒருவர் அரசாங்கப் பக்கத்தில் இருத்தல் அவர்களுக்குத் தேவையாயிற்று. 1956 ஜூன் மாதத்திற் கல்லோயாப் பள்ளத்தாக்கில் நிகழ்ந்த வன்செயல், சுதந்திர இலங்கையின் முதலாவது பாரிய இனக்கலவரம், பாதுகாப்பும் நீரும் காணியும் ஒரே முடிச்சு என்பதை வெளிப்படையாகக் காட்டிற்று. 1961 இல் மட்டக்களப்பினின்றும் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டபின் கச்சேரியும் கரையோரத்தைவிட்டு உள்நாட்டுக்குச் சென்றது. கட்சி மாறுதலை இது நியாயப்படுத்தாது; விளங்கவைக்கும்.

இனி வழக்கு. 1959 ஆம் ஆண்டு மகாதேசாதிபதியால் நியமிக்கப்பட்ட தல்கொடபிட்டிய ஆணைக்குழு, பாராளுமன்ற உறுப்பினர் சிலர் இலஞ்சம் பெற்றனரா என விசாரித்து 1960 இல் அறிக்கையளித்தது. குற்றங் கண்டறியப்பட்டோருட் காரியப்பரும் ஒருவர். ஆணைக்குழுவின் முடிவு நீதிமன்றத் தீர்ப்பன்று. அதன்மீது எவரையும் சிறையிலிட இயலாது. 1965 மார்ச் மாதப் பொதுத் தேர்தலிற் காரியப்பர் கல்முனையில் மீண்டும் போட்டியிட்டு வென்றார். அதாவது, ஆணைக்குழு அறிக்கையளித்து நான்கு ஆண்டுகளுக்கு மேலாகியும் கல்முனை வாக்காளர் அவரையே தெரிந்தனர். வாக்காளர் இலஞ்சத்தைப் பொறுத்துக்கொண்டனரா, குற்றச்சாட்டை நம்பவில்லையா, அன்றி அறிந்துகொண்டே அவரது பிற பணிகளை மேலாகக் கருதினரா என்பது வாக்குச்சீட்டிலிருந்து தெளிவாகாது. ஆனால் ஒன்று உறுதி: மக்கள் ஒரு தீர்ப்பு வழங்கினர்.

அதே ஆண்டு நவம்பரில் டட்லி சேனநாயக்கவின் தேசிய அரசாங்கம், தமிழரசுக் கட்சியும் அதன் பங்காளியாயிருந்த அரசாங்கம், 1965 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கக் குடியியல் தகுதியீனங்களை விதித்தற் சட்டத்தை நிறைவேற்றியது. ஆணைக்குழுவாற் குற்றங் காணப்பட்டோரைப் பெயர் குறிப்பிட்டு, அவர்கள் ஏழு ஆண்டுகளுக்கு வாக்களிக்கவோ வேட்பாளராக நிற்கவோ கூடாதென அச்சட்டம் விதித்தது. அவர்களுட் பாராளுமன்ற உறுப்பினராயிருப்பவர் ஆசனத்தை இழப்பர் என்றும் கூறிற்று. மூன்றிலிரண்டு பெரும்பான்மையால் நிறைவேற்றப்பட்டதெனச் சபாநாயகரின் சான்றும் பெற்றது. மார்ச்சில் மக்கள் வழங்கிய தீர்ப்பை நவம்பரில் பாராளுமன்றம் மாற்றி எழுதியது.

இச்சட்டத்தைத் தனியே நோக்கினால் அதன் பொருள் முழுதும் புலப்படாது. அதே வேளையில் இன்னொரு வழக்கு இலண்டனிலே கோமறைக் கழகத்தின் முன் இருந்தது. 1962 ஜனவரி 27 இல் முறியடிக்கப்பட்ட இராணுவச் சதியில் ஈடுபட்டோரை விசாரிப்பதற்கென அன்றைய அரசாங்கம் 1962 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் குற்றவியற் சட்ட (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தை இயற்றியிருந்தது. நடந்து முடிந்த செயலுக்குப் பின்னோக்கி வலுவுள்ள சட்டம் அது; தண்டனையைக் கூட்டியது; பொலிஸ் காவலில் இருந்தோர் கூறியவற்றைச் சாட்சியமாக ஏற்கும் வகையிற் சான்றுச் சட்டத்தையும் மாற்றியது; விசாரணை செய்யும் நீதிபதிகளை நியமிக்கும் அதிகாரத்தை நீதியமைச்சரிடமே கொடுத்தது. முதலாவது நீதிபதிகள் குழாமே அந்நியமன அதிகாரம் செல்லாதென்றது. இறுதியாக அமைந்த குழாம் 324 நாட்கள் விசாரித்து 24 எதிரிகளுட் பதினொருவரைக் குற்றவாளிகளெனக் கண்டது. 1965 டிசம்பர் 2 இல் கோமறைக் கழகம் அவர்கள் அனைவரையும் விடுவித்தது. குறிப்பிட்ட சிலரை மனத்திற் கொண்டு, அவர்களைத் தண்டிப்பதற்கென்றே இயற்றப்பட்ட சட்டம் நீதித்துறைக்குரிய அதிகாரத்தைச் சட்டமன்றம் கைப்பற்றுவதாகும் என்பது அத்தீர்ப்பின் சாரம். லியனகே வழக்கு என்று அது வழங்கும்.

காரியப்பரின் ஆசனம் பறிபோய் இரண்டு வாரங்களே கழிந்திருந்தன. அவருடைய சட்டத்தரணிகள் லியனகே தீர்ப்பை ஆதாரமாகக் கொண்டனர். தாம் இன்னும் உறுப்பினரே என ஏற்றுக்கொள்ளும்படி பிரதிநிதிகள் சபையின் செயலரான எஸ்.எஸ். விஜேசிங்கவுக்கு எழுத்தாணை விடுக்குமாறு காரியப்பர் வேண்டினார். உயர் நீதிமன்றம் மறுத்தது. 1967 இல் கோமறைக் கழகமும் மறுத்தது. சட்டம் காரியப்பரைக் குற்றவாளியெனத் தீர்க்கவில்லை. ஆணைக்குழுவின் முடிவைச் சுட்டி, பொதுப் பதவிகளின் தூய்மையைக் காக்கும் நோக்கத்தோடு தகுதியீனம் மட்டுமே விதித்தது. ஆகவே அது நீதித்துறை அதிகாரத்தைப் பறித்ததாகாது என்பது நீதிபதிகளின் முதல் நியாயம். அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவின் 4 ஆம் உட்பிரிவின்படி மூன்றிலிரண்டு பெரும்பான்மையும் சபாநாயகர் சான்றும் இருப்பதால், முரண்பாடு இருப்பினும் அச்சட்டம் அரசியலமைப்பையே அந்த அளவுக்குத் திருத்திவிட்டது என்பது இரண்டாவது.

இவ்விரு தீர்ப்புக்களையும் ஒருங்கே படிப்போர்க்கு ஒரு வேறுபாடு புலனாகும். முதலாவதில் எதிரிகள் பெரும்பாலும் உயர் வர்க்கத்து இராணுவ, பொலிஸ் அதிகாரிகள். அவர்தம் கழுத்துக்கு வந்தது நீண்ட சிறைவாசமும் சொத்துப் பறிமுதலும். இரண்டாவதில் இழக்கப்பட்டது ஓர் ஆசனமும் ஒரு மனிதனின் வாக்கும். சிறையைத் தண்டனையெனக் கண்ட சட்டம், ஏழாண்டு வாக்கிழப்பைத் தண்டனையெனக் காணவில்லை. நாட்டின் ஓர் ஓரத்தில் வாழும் சிறுபான்மையினர்க்குச் சொத்தினும் படையினும் மேலானது வாக்கே என்பது சட்டவியலாரின் தராசில் ஏறாத உண்மை. காரியப்பர் இலஞ்சம் பெற்றாரா இல்லையா என்பது எமது ஆய்வுப் பொருளன்று. பெற்றாரெனின் நீதிமன்றில் விசாரித்திருக்கலாம் என்பதே இங்கு கூறவேண்டியது. இலஞ்ச நியாயசபைகள் நீதிச்சேவை ஆணைக்குழுவால் நியமிக்கப்படாதவை, ஆதலால் அவற்றின் தண்டனை செல்லாது என 1964 இல் ரணசிங்க வழக்கிற் கோமறைக் கழகம் கூறியபின், அரசாங்கங்கள் நேர்வழியைச் செம்மைப்படுத்துவதற்குப் பதில் சுற்றுவழியை நாடின என்பது கவனிக்கத்தக்கது.

சுற்றுவழி பின்னர் இராசபாட்டையாயிற்று. 1971 இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 இன் குடியரசு அரசியலமைப்பு, சிறுபான்மையோர்க்குப் பாதுகாப்பெனக் கருதப்பட்ட 29 ஆம் பிரிவை நீக்கியது. அதே ஆண்டு, ஏப்ரல் கிளர்ச்சியில் ஈடுபட்ட இளைஞரை விசாரிக்கக் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் வந்தது. 1962 இல் உயர் வர்க்கத்தினர்மீது ஏவப்பட்டுத் தோல்வியுற்ற முறை, பத்தாண்டின்பின் கிராமப்புற இளைஞர்மீது ஏவப்பட்டபோது, தடுப்பதற்கு இலண்டனில் எவரும் இருக்கவில்லை. 1978 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க விசேட சனாதிபதி விசாரணை ஆணைக்குழுச் சட்டமும் புதிய அரசியலமைப்பின் 81 ஆம் உறுப்புரையும், 1965 இல் ஒருமுறை செய்யப்பட்டதை நிரந்தர ஏற்பாடாக்கின. பழைய செயல்களுக்கு அச்சட்டம் செல்லாதென மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியபோது, சட்டத்தையும் அரசியலமைப்பையும் திருத்தி அத்தடை நீக்கப்பட்டது. 1980 ஒக்டோபரிற் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமை ஏழு ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டது. காரியப்பருக்கும் அதே ஏழு. அவரோடு உரிமை இழந்தவர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க. 1962 சதி விசாரணையை அரசாங்கத்தின் சார்பில் முன்னின்று நடத்தியவர் அவரே. 1965 இல் ஓரத்துத் தொகுதியொன்றில் நடந்ததைப் பெரிதென எண்ணாத நாடு, 1980 இல் முன்னாட் பிரதமருக்கு அது நேர்ந்தபோதுதான் விழித்தது.

பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 ஜூலையில் இயற்றப்பட்டது. அவ்வேளை 168 ஆசனங்களில் 140 ஐ ஐக்கிய தேசியக் கட்சி கொண்டிருந்தது. கல்முனையும் 1977 இல் ஏ.ஆர். மன்சூர் மூலம் அக்கட்சியின் வசமாகியிருந்தது. பதினெட்டு மாதம் வரை விசாரணையின்றித் தடுத்துவைத்தல், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாதவரிடம் அளித்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்றல் ஆகியவை அதன் முதன்மைக் கூறுகள். மூன்று ஆண்டுகளுக்கென வந்த சட்டம் 1982 இல் நிரந்தரமாயிற்று. இது வடக்கின் தமிழ் இளைஞர்க்கெனவே இயற்றப்பட்டதென்பது அன்று எல்லோரும் அறிந்தது. கரையோர முஸ்லிம் ஊர்களில் அதனைத் தம் பிரச்சினையெனக் கொண்டோர் சிலரே. 1985 ஏப்ரலில் காரைதீவிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் தமிழர்க்கும் முஸ்லிம்களுக்குமிடையே மூண்ட வன்செயலும், 1990 ஜூனிற் கல்முனை உட்படக் கிழக்கின் பொலிஸ் நிலையங்களிற் சரணடைந்த பொலிசார் நூற்றுக்கணக்கில் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டமையும், ஆகஸ்ட் 3 இற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் கொல்லப்பட்டமையும் ‘பாதுகாப்பு’ என்னும் சொல்லை அம்மக்களுக்கு உயிர்ப் பிரச்சினையாக்கின. அதே மாதங்களில் படையினர் கல்முனையை மீளக் கைப்பற்றியபோது அந்நகரத் தமிழர் பலர் கொல்லப்பட்டதையும் காணாமற் போனதையும், ஊர்காவற் படையினர் தொடர்புற்ற வீரமுனைக் கொலைகளையும் விட்டு இவ்வரலாற்றை எழுதுதல் நேர்மையாகாது. ஒரே வீதியின் இருபுறத்தும் வாழ்ந்தோர் ஒரே சட்டத்தை எதிரெதிராக வாசித்தனர். ஒருவரின் காவல் மற்றவரின் அச்சமாயிற்று.

இந்நிலையில் எழுந்த கட்சியே ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸ். 1981 இற் காத்தான்குடியில் ஓர் அமைப்பாகத் தோன்றி 1986 இல் அரசியற் கட்சியாயிற்று. அதன் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப் சட்டத்தரணி, சம்மாந்துறையிற் பிறந்து கல்முனையில் வளர்ந்தவர். நில உடைமைக் குடும்பங்களின் செல்வாக்கில் இயங்கிய பழைய அரசியலுக்கு மாறாக, கல்வி கற்ற மத்தியதர இளைஞரையும் சிறு வியாபாரிகளையும் அவர் திரட்டினார். அவருடைய மேடைப் பேச்சுக்களுக்குச் சட்டமே பொருளாக அமைந்தது என்பது அக்கால அரசியலின் ஒரு சிறப்பு. அதற்குக் காரணமும் இருந்தது.

1987 இன் மாகாண சபைகள் சட்டப்படி வடக்கையும் கிழக்கையும் இணைப்பதற்கு ஆயுதங் களைதலும் பகைமை நின்றலும் முன்நிபந்தனைகள். அவை நிறைவேறவில்லை. 1988 செப்டெம்பரில் சனாதிபதி ஜெயவர்தன, பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அவசரகால விதியொன்றின் மூலம் அந்நிபந்தனையையே மாற்றி, இரு மாகாணங்களையும் இணைத்துப் பிரகடனம் வெளியிட்டார். 1947 இல் பிரித்தானியர் வெளியேறுமுன் இயற்றப்பட்ட, வேலைநிறுத்தங்களையும் கலவரங்களையும் அடக்குதற்கெனக் கருதப்பட்ட சட்டம், ஒரு மாகாணத்தின் எல்லையை மாற்றியது. கிழக்கில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினராயிருந்த முஸ்லிம்கள் இணைந்த மாகாணத்தில் ஆறிலொரு பங்கினர் அளவுக்குக் குறைந்தனர். கிழக்கு மக்களிடம் கேட்கப்படும் எனக் கூறப்பட்ட சர்வசன வாக்கெடுப்பு ஆண்டுதோறும் ஒத்திவைக்கப்பட்டு ஒருபோதும் நடைபெறவில்லை.

அவசரகாலச் சட்டம் என்பது நள்ளிரவிற் கதவைத் தட்டுவது மட்டுமன்று, வர்த்தமானிப் பத்திரிகையிலும் வருவது எனக் கரையோர மக்கள் கற்றுக்கொண்டது அப்போதேயாம். அவ்வாண்டு நவம்பரில் நடைபெற்ற மாகாண சபைத் தேர்தலை முஸ்லிம் காங்கிரஸ் புறக்கணிக்கவில்லை. போட்டியிட்டு 71 ஆசனங்களுள் 17 ஐ வென்றது. ஐக்கிய தேசியக் கட்சி ஒன்றை மட்டுமே பெற்றது. இணைப்பை ஏற்காதவர்கள் இணைந்த சபையில் அமர்ந்தமை முரண்பாடெனச் சிலர் எழுதினர். வேறு வழியாகவும் இதனைக் கொள்ளலாம்: தம்மைக் கேளாது கட்டப்பட்ட வீட்டில் தமக்குரிய அறையைப் பிடித்துக்கொண்டனர். கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் தொகுதிகளை அடித்தளமாகக் கொண்ட முஸ்லிம் மாகாண சபைக் கோரிக்கை அக்காலத்து வலுப்பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் 15 ஆவது திருத்தம் பாராளுமன்றத் தேர்தலில் ஆசனம் பெறுதற்கான வெட்டுப்புள்ளியை 12.5 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தது. சனாதிபதி வேட்பாளராயிருந்த பிரேமதாசவோடு அஷ்ரப் பேசிப் பெற்றது அது. சிறுகட்சிகள் அனைத்தும், தெற்கின் இடதுசாரிகள் உட்பட, அதனாற் பயனடைந்தன.

இணைப்பு 2006 ஒக்டோபர் 16 இல் உயர் நீதிமன்றத்தாற் செல்லாதெனத் தீர்க்கப்பட்டது. அவசரகால விதியால் ஒரு சட்டத்தின் நிபந்தனையை அழித்து எழுத இயலாது என்பது நியாயம். சட்டத்தின் கண்கொண்டு நோக்கின் அது 1988 இலேயே கூறப்பட்டிருக்க வேண்டியது. பதினெட்டு ஆண்டுகள் உறங்கிய நியாயம், அரசியற் காற்று மாறியதும் விழித்தது. தமிழர் அதனை இழப்பாகவும் முஸ்லிம்கள் பலர் விடுதலையாகவும் கொண்டனர். இருசாராருட் பெரும்பாலோர் கேளாத வினா வேறொன்று. பாதுகாப்புச் சட்டத்தின் பெயரால் இணைக்கலாம் எனில் எதைத்தான் செய்ய இயலாது?

அஷ்ரப் 1994 இல் அமைச்சரானார். அதன்பின் ஒவ்வொரு மாதமும் அவசரகாலச் சட்ட நீடிப்புக்குப் பாராளுமன்றம் வாக்களித்த சடங்கில் அவர் கட்சியும் பங்குகொண்டது. அவர் 2000 செப்டெம்பர் 16 இல் அரநாயக்காவில் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்தபின், கட்சி பலவாய்ப் பிரிந்தது. 2010 செப்டெம்பரில் சனாதிபதியின் பதவிக்கால வரையறையை நீக்கிய 18 ஆவது திருத்தத்துக்கு முஸ்லிம் காங்கிரஸ் வாக்களித்தது. 2020 ஒக்டோபரில் 20 ஆவது திருத்தத்தின்போது தலைவர் எதிர்த்து வாக்களிக்க, கல்முனையைச் சேர்ந்த எச்.எம்.எம். ஹரீஸ் உட்பட அக்கட்சி உறுப்பினர் நால்வர் ஆதரித்து வாக்களித்தனர். அவ்வேளை கொவிட் நோயால் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டுவந்தன என்பதை நினைவிற் கொண்டால், ஊர்களில் எழுந்த சினத்தின் அளவு விளங்கும். 1956 இன் கட்சி மாறுதலுக்கு ஒரு வாய்க்கால் நீரேனும் ஈடாகக் காட்டப்பட்டது. 2020 இல் சனாசாவை நல்லடக்கஞ் செய்யும் உரிமைகூட உடனே கிட்டவில்லை. 2021 பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்நால்வருள் ஒருவரான மட்டக்களப்பு உறுப்பினர் நசீர் அகமது, வரவுசெலவுத் திட்டத்தின்மீது கட்சி முடிவுக்கு மாறாக வாக்களித்தமைக்காகப் பின்னர் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். 2023 ஒக்டோபரில் அந்நீக்கம் செல்லுமென உயர் நீதிமன்றம் தீர்த்ததால் அவர் ஆசனம் இழந்தார். ஆசனப் பறிப்புக்கு இப்போது பாராளுமன்றத்தின் தனிச் சட்டமும் வேண்டியதில்லை. கட்சியின் கடிதமும் நீதிமன்றின் ஒப்புதலும் போதும்.

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் உணவகமொன்றில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதென்ற பொய் எழுந்தது. அச்சுறுத்தலின்கீழ் தலையசைத்த உணவக ஊழியரின் காணொளி முகநூலிற் பரவியது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அடுத்த வாரம் கண்டிக் கலவரம், அவசரகால நிலை, சமூக ஊடகத் தடை. வதந்தியைப் பரப்பியோரைப் பிடிக்கப் போதிய சட்டம் ஏற்கனவே இருந்தது. பிடிக்கும் விருப்பந்தான் குறைவாயிருந்தது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டம், 2007 இல் உரிமை காக்க இயற்றப்பட்டது, பின்னாளிற் சிறுபான்மையினரையும் எழுத்தாளரையும் கைதுசெய்யப் பயன்பட்டதைக் கண்டபின், 2024 ஜனவரியில் 108 வாக்குகளுக்கு 62 என நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைக் கரையோர இளைஞர் ஐயத்தோடு நோக்கியதில் வியப்பில்லை. யாரைத் தாக்கும் என்றே அவர்கள் கேட்டனர். அது முதிர்ச்சியற்ற கேள்வியா?

2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதலின் பின், ஏப்ரல் 26 இரவு, சாய்ந்தமருதில் வீடொன்றில் மறைந்திருந்தோருக்கும் படையினருக்கும் மோதல் நிகழ்ந்தது. குண்டுகளை வெடிக்கவைத்ததிற் குழந்தைகள் உட்படப் பதினைவருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வீட்டிற் புதிதாய் வந்து தங்கியோர்மீது ஐயங்கொண்டு தகவல் கொடுத்தோர் அவ்வூர் முஸ்லிம்களே. தாக்குதலாளரின் உடல்களை ஏற்க மாட்டோமென உலமாக்கள் அறிவித்தனர். இதன்பின் வந்த மாதங்களில் அவசரகால விதிகளின்கீழும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழும் நாடெங்கும் முஸ்லிம்கள் பெருந்தொகையாகக் கைதுசெய்யப்பட்டனர். வீட்டில் வைத்திருந்த அரபு நூல் ஒன்றும் சிலவேளை ஐயத்துக்குப் போதுமாயிற்று. 1979 இல் தமிழ் இளைஞர்க்கென எழுதப்பட்ட சட்டம், நாற்பதாம் ஆண்டில், அதனைத் தம் பிரச்சினையன்று என்றிருந்த ஊர்களின் வாசலுக்கு வந்தது. 2022 இன் திருத்தம் தடுப்புக் காலத்தைப் பதினெட்டிலிருந்து பன்னிரண்டு மாதமாகக் குறைத்தது. வாக்குமூல ஏற்பாட்டைத் தொடவில்லை. பல்லாண்டுகளாக இச்சட்டத்துக்கு எதிராகக் குரலெழுப்பிய தமிழ்த் தாய்மாரோடு அக்காலத்தில் கிழக்கின் முஸ்லிம்கள் சிலரும் இணைந்து கையொப்பந் திரட்டினர். எண்ணிக்கையிற் சிறிதாயினும், 1961 இல் மட்டக்களப்புக் கச்சேரி முன்றலிற் சத்தியாக்கிரகத்தில் இருசாராரும் சேர்ந்தமர்ந்த நாட்களை நினைவூட்டுவதாய் இருந்தது.

இவ்வரலாற்றின் எழுத்து மூலங்கள் கொழும்பிலும் இலண்டனிலும் உள்ளன: ஹன்சார்ட், வர்த்தமானி, சட்ட அறிக்கைகள். வாக்காளரின் பக்கம் எழுதப்படவில்லை. வாக்களிக்கும் வயது 1959 இல் பதினெட்டாகக் குறைக்கப்பட்டமையால், 1965 மார்ச்சிற் கல்முனையில் முதன்முறை வாக்களித்த இளைஞர் சிலர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அவர்தம் வயது எண்பதை அண்மித்துவிட்டது. ஆணைக்குழு குற்றங் கண்ட ஒருவருக்கு ஏன் வாக்களித்தனர், அல்லது ஏன் அளிக்க மறுத்தனர், நவம்பரில் ஆசனம் போனபோது ஊரில் என்ன பேசப்பட்டது என்பதை அவர்களிடமிருந்து கேட்டுப் பதிவுசெய்யும் பணியை ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மாணவர் காலந்தாழ்த்தாது மேற்கொள்ளலாம்.